எப்பவோ ரெடியானவரின் அலுமாரி

மனிதர்களை, காரியம் செய்பவர்கள், செய்யாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்த புண்ணியவான் யாரோ, அவர் ஒருநாளும் எங்கள் நீரிழிவுக் கிளினிக் வரிசையில் நின்றிருக்கமாட்டார். நின்றிருந்தால் மூன்றாவது இனம் ஒன்றைக் கண்டிருப்பார். இந்த இனம் எதையும் செய்யாது. ஆனால் செய்யவில்லை என்று நீங்கள் குற்றம் சாட்டவும் முடியாது, ஏனென்றால் அது சப்பாத்தை மாட்டி, தலையை வாரி, குடையை எடுத்து, வாசலில் நின்று, வாசலைத் தாண்டாமல், ஆயுள் முழுவதும் புறப்பட்டுக்கொண்டே இருக்கும். எப்போது கேட்டாலும் ஆயத்தம். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆயத்தராயர்.

உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். அவசரப்பட்டுப் பெயர் சொல்லாதீர்கள், கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லலாம்.

ஆயத்தராயரை அடையாளம் காண்பது இலகு. அவர் வீட்டுக்குப் போய், பொலித்தீன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாங்கி நாலு வருடமான கதிரையில் பொலித்தீன் இருக்கும். ரிமோட் கொன்ட்ரோலுக்குப் பொலித்தீன் இருக்கும். ஆங்கிலம் படிப்பதற்கு வாங்கிய அகராதிக்குப் பொலித்தீன் உறை போட்டு, மேலே பெயர் எழுதி, பெயருக்கு மேல் டேப் ஒட்டி வைத்திருப்பார். ஆங்கிலம்? அதற்கென்ன அவசரம், அகராதிதான் இருக்கிறதே!

எங்கள் கிளினிக்கின் ஆயத்தராயர் செல்வரத்தினம். பொறுப்புத் தாதி உத்தியோகத்தர். நாங்கள் ‘சேர்’ என்போம். பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் மாத்தளை மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்தவர், தற்காலிகமாகத்தான் வந்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறார்; ஊருக்குத் திரும்பிப் போக ஒரு சூட்கேஸ் அடுக்கியபடியே கட்டிலுக்கடியில் இருக்கிறதாம். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். நானும் மாதம் ஒரு தடவை அங்கேதான் விரலை நீட்டவேண்டும்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடவேண்டாம். நூற்று நாற்பது நோயாளிகளின் பெயரும் அவருக்கு மனப்பாடம். அவருடைய கையெழுத்து இருக்கிறதே, அச்சுக்கூடத்தை மூடிவிட்டு அவரைக் கூட்டிப்போகலாம். எப்போதோ அவர் பொறுப்பிலிருந்த ஒரு பிரஷர் பார்க்கும் கருவி காணாமல் போய், மூன்று வருடம் விசாரணை நடந்து, கடைசியில் அது மகப்பேற்று வார்டின் ஜன்னல் ஆடாமல் இருக்க முட்டாக வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: பாவித்தால்தான் பொருள் தொலையும். பாவிக்காத பொருள் தொலைந்ததாகச் சரித்திரமே இல்லை.

அன்று முதல் அலுமாரி.

அந்த இரும்பு அலுமாரியைக் கொண்டுவந்து இறக்கிய யானை இன்றுவரை இடுப்புப் பிடிப்போடு அலைகிறது. நான் சொல்வதில் கால்பங்கைக் கழித்துக்கொள்ளவேண்டும் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அலுமாரி விடயத்தில் தயவுசெய்து கழிக்கவேண்டாம். திறப்பு செல்வரத்தினம் சேரின் இடுப்பில். திறப்பதற்கோ மூன்று பேரின் கையெழுத்து.

இனி எங்கள் கிளினிக்கைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை. அவரவர் முறைப்படி மாதம் ஒரு செவ்வாய். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வில்கமுவவிலிருந்தும் ஆட்கள் இருட்டோடு பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு வந்து, விரலில் ஒரு துளி கொடுத்து, டொக்டர் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள். முப்பது நாளுக்கு ஒரு துளி. மிச்சம் இருபத்தொன்பது நாளும் நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்று அந்தத் துளிக்கு என்ன தெரியும்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமையிலிருந்து நான் ஒரு சந்நியாசினி. பாகற்காய்ச் சுண்டலும் வெறும் தேத்தண்ணியும். செவ்வாய் காலை என் சீனியைப் பார்த்து டொக்டர் புன்னகை செய்வார். பகல் பன்னிரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் கடையில் நான் தொதல் இனிப்பைப் பார்த்துப் புன்னகை செய்வேன். இந்தக் கிளினிக்கில் அளக்கப்படுவது எங்கள் சீனி என்றா நினைக்கிறீர்கள்? எங்கள் நடிப்பு.

ஆனால் நடிக்கத் தெரியாத ஒருத்தி இருந்தாள். அவள்தான் ராசம்மா.

ராசம்மா ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், ஐம்பது வயதிருக்கும். இன்சுலின் போத்தலை மண்சட்டித் தண்ணீரில் குளிர்ச்சியாக வைத்து, சொன்ன அளவு, சொன்ன நேரத்துக்கு ஊசி போடுகிறவள். அப்படியிருந்தும் கிளினிக்கில் அவள் சீனி ஒவ்வொரு மாதமும் முந்நூறைத் தாண்டும். டொக்டர் ஊசியின் அளவைக் கூட்டுவார். அடுத்த மாதமும் முந்நூறு. மறுபடி கூட்டுவார். கூடக் கூட அவளுக்குத் தலை சுற்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

“டீச்சரம்மா, முந்தாநாளும் மலையில விழுந்துட்டேங்க. கூடையோட ரெண்டு வரி தாண்டி உருண்டுட்டேன்.”

“கொழுந்து?”

“கொழுந்து பத்திரமாத்தாங்க இருந்துச்சு. நாந்தான் செதறிட்டேன்.”

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. அவளுக்குக் கொடுத்திருப்பது ஐந்தாம் நம்பர் மலை. அங்கே தேயிலை வரிசை முடியும் இடத்தில் நிலமும் முடிந்துவிடும். கீழே பாறையும் ஓடையும். இதுவரை ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு தேயிலைச் செடி அவளைப் பிடித்துக்கொண்டது. “இன்னொருவாட்டி விழுந்தா மலைக்கே வராதேன்னுட்டாரு கங்காணி,” என்றாள். மலைக்குப் போகாவிட்டால் அடுப்பில்லை. போனால் பாறை. இரண்டுக்கும் நடுவில் அவளிடம் இருந்தது மாதத்துக்கு ஒரு துளி.

அப்படிப்பட்ட நாளில்தான் அந்த இருபது பெட்டிகளும் வந்தன.

ஏதோ ஒரு திட்டத்தில் வந்த சீனி மீற்றர்கள். நோயாளி வீட்டிலேயே விரலைக் குத்தினால் போதும், மீற்றருக்குள் இருக்கும் சிம் கார்ட் அந்த இலக்கத்தைக் கிளினிக்கில் இருக்கும் ‘டெப்’ என்ற கையடக்கக் கணினி ஒன்றுக்குத் தானாகவே அனுப்பிவிடும். சீனி ஆபத்தான அளவுக்கு ஏறினாலோ இறங்கினாலோ டெப் கூவும். யாராவது தொட்டு, ‘பார்த்தேன்’ என்று சொல்லும்வரை அரை மணிக்கொரு தடவை கூவிக்கொண்டே இருக்கும். கிளினிக் டொக்டர் வித்தியா வந்து மூன்று மாதம்தான்; பெட்டிகளைக் கண்டதும் சின்னப் பிள்ளையைப்போல் கை தட்டினார்.

“எப்ப குடுக்கலாம், சேர்?”

“நாங்கள் எப்பவோ ரெடி, டொக்டர்,” என்றார் செல்வரத்தினம் சேர்.

அந்த ‘எப்பவோ’வைக் கவனித்தீர்களா? அது ஒரு காலத்தைக் குறிக்கும் சொல் என்று நான் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் படிப்பித்திருக்கிறேன். அது ஒரு பூட்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் வினாக்கொத்து வந்தது. தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறைக்கு ஊழியர்கள் எவ்வளவு ஆயத்தம் என்று அளக்க யாரோ அனுப்பிய கடதாசி. ‘சிறிதும் ஆயத்தமில்லை’ என்பதிலிருந்து ‘மிகவும் ஆயத்தம்’ வரை ஐந்து கட்டங்கள். செல்வரத்தினம் சேர் எல்லாக் கேள்விக்கும் ஐந்தாவது கட்டத்தில் சரி போட்டார். மற்றவர்களின் கடதாசிகளையும் வாங்கிப் பார்த்து, ஆயத்தம் குறைந்த இடங்களில் ஆயத்தத்தைக் கூட்டிக் கொடுத்தார். நூற்றுக்கு நூறு வந்திருக்கவேண்டும்; தொண்ணூற்றெட்டுத்தான் வந்தது. இரண்டைக் குறைத்தவள் கைறுன்னிஸா, கிளினிக் கூட்டித் துடைக்கும் சிற்றூழியர், என் வீட்டு ஒழுங்கையில் குடியிருப்பவள். ‘இக்கருவியைப் பயன்படுத்திப் பார்த்துள்ளீர்களா?’ என்ற கேள்விக்கு அவள் ‘இல்லை’ என்று எழுதிவிட்டாள்.

“ஏன் அப்பிடி எழுதின நீ?” என்று கேட்டேன்.

“நான் பெட்டியத்தானே டீச்சர் கண்டீக்கி. மீற்றர எங்க கண்ட?”

பிறகு நோயாளிகளுக்குப் பயிற்சி வந்தது. ஒரு செவ்வாய், கிளினிக் முடிந்ததும் எங்களை நிறுத்தி வைத்து, மீற்றரின் படத்தைச் சுவரில் தொங்கவிட்டு, செல்வரத்தினம் சேர் விளக்கினார். படத்துக்கும் பொலித்தீன் போட்டிருந்தது. முன்வரிசையில் வில்கமுவ யாகூப் நானா இருந்தார். வயல்காரர், பத்து வருடச் சீனிக்காரர்.

“நான் ரெடி,” என்றார் சேர். “சனம் ரெடியோ எண்டதுதான் கேள்வி. யாகூப், உங்களுக்குப் போன் பாவிக்கத் தெரியுமோ?”

“ஆனை வந்தா நாங்க என்ன சேர், தபால்லயா அறிவிக்கிற? போன வெள்ளிக்கிழம கொளத்தடியில ஒரு தனியன் நிண்டிச்சி. படம் புடிச்சி குறூப்புல போட்டேன். நாலு நிமிஷத்துல மூணு ஊர் முழிச்சிட்டு. அது எந்தப் பக்கத்தால வருது, இப்ப யார்ட வாழையில ஈக்கி, எல்லாம் படத்தோட வரும்.”

“அது ஆனை, யாகூப். இது சீனி.”

“சீனியும் ஆனை மாதிரித்தான் சேர். வந்து மிதிச்ச பொறகுதான் தெரியும்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. சேரும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தன் அச்செழுத்தில், ‘நோயாளர் ஆயத்தநிலை: நடுத்தரம். மேலும் பயிற்சி அவசியம்’ என்று எழுதிக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு யானை எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ராசம்மாவின் சீனி எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

காரணங்களுக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. ரிவர்ஸ்டனில் சிக்னல் இல்லை என்பார்; அங்கே மலை உச்சியில் கோபுரம் நட்டு வைத்திருப்பது காக்கை உட்காரவா? பற்றரி பழுதாகும் என்பார். மழைக்காலம் முடியட்டும் என்பார். ஒரே ஒரு நல்ல காரணமும் சொன்னார்: “ராத்திரி ரெண்டு மணிக்கு ஒராளுக்குச் சீனி இறங்கிட்டுது எண்டு அடிச்சால், அதுக்கு ஆர் பொறுப்பு?” நியாயமான கேள்வி. நானே தலையாட்டினேன். ஆனால் அந்தக் கேள்வியை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டீர்களா என்று டொக்டர் வித்தியா விசாரித்தபோது, “கடிதம் ரெடி, டொக்டர்,” என்றார். கடிதம் அலுமாரியில் இருந்தது.

கடைசியாகத் திறப்பு விழா. மாகாணத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். குத்துவிளக்கு, பாற்சோறு, நாடா, கத்தரிக்கோல். நீரிழிவுக்காரர் நூற்று நாற்பது பேருக்குக் கேக்கும் இனிப்புப் பானமும் கொடுத்தார்கள் என்று சொன்னால் கால்பங்கைக் கழிப்பீர்கள். கழித்தாலும் நூற்றைந்து பேர் குடித்திருக்கிறார்கள். மூன்று மொழியிலும் சிரிக்கத் தெரிந்தவள் என்று என்னைச் சாம்பிள் நோயாளியாக மேடையில் இருத்தினார்கள். ஏழாம் நம்பர் பெட்டியைத் திறந்து மீற்றரை என் கையில் வைத்தார்கள். ஒரு தொழில்நுட்பப் பெடியன் டெப்பை இயக்கினான். நான் விரலைக் குத்தினேன். திரையில் ‘நோயாளி 7’ என்று இலக்கம் விழுந்தது. கைதட்டல். படம்.

படம் முடிந்ததும் செல்வரத்தினம் சேர் பொலித்தீனோடு வந்தார்.

“டீச்சர், அதைப் பத்திரமாப் பெட்டிக்குள்ளை வையுங்கோ.”

வைத்தேன். ஒரு பொருளைப் பத்திரமாக வைத்தேன். அது என் மூக்குக்கண்ணாடிக் கூடு. பாரம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. சேர் பெட்டியை மூடி, பொலித்தீன் சுற்றி, டேப் ஒட்டி, இருபதையும் எண்ணி, டெப்பையும் உள்ளே வைத்துப் பூட்டினார். டெப்பின் சார்ஜர் வயரை அலுமாரியின் பின்பக்கத் துளையால் இழுத்துச் சுவரில் செருகினார். ஆயத்தம் என்றால் நூறு வீதம் சார்ஜ் இருக்கவேண்டாமா?

திருட்டு என்று சொல்லாதீர்கள். ஒரு கைதியை நான் விடுதலை செய்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ராசம்மாவைப் பிடித்தேன். மீற்றரையும், குத்தும் ஊசியையும், ஸ்ட்ரிப் போத்தலையும், ஒரு பை டொபியையும் அவள் மடியில் வைத்தேன்.

“தலை சுத்துற நேரம் குத்திப் பாரு. எழுபதுக்குக் கீழ இலக்கம் வந்தா உடனே டொபிய வாயில போட்டுக்கிட்டு கீழ குந்திரு. வேற ஒண்ணும் வேணாம்.”

“சேர் ஏசமாட்டாருங்களா?”

“சேர் ரெடியா இருக்காரு. ஏச அவருக்கு நேரமில்ல.”

இனி நடந்ததைக் கைறுன்னிஸா என் வாசற்படியில் நின்று சொன்னபடி சொல்கிறேன். வியாழக்கிழமை காலை பத்து மணி. கிளினிக்கில் ஈ பறக்கவில்லை. அலுமாரி கூவியது.

செல்வரத்தினம் சேர் கூரையைப் பார்த்தார். பல்லி என்று முடிவு செய்தார். அரை மணி கழித்துப் பல்லி மறுபடி கூவியது. வெள்ளிக்கிழமை இரண்டு பல்லிகள். திங்கட்கிழமை மூன்று. சேர் பராமரிப்புப் பகுதிக்குக் கடிதம் எழுதினார்: ‘மேற்படி அலுமாரி ஒலி எழுப்புகின்றது.’ ஆட்கள் வந்து அலுமாரியைத் தட்டிப் பார்த்து, கீலுக்கு எண்ணெய் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். எண்ணெய் போட்ட அலுமாரி முன்னையைவிட இனிமையாகக் கூவியது.

“ஜின் புடிச்சீக்கி போல டீச்சர்,” என்றாள் கைறுன்னிஸா, கண்ணைச் சிமிட்டி. அவளுக்கு விடயம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். “நானும் சொன்னேன், சேர், ஒருக்கா தொறந்து பாத்தா என்னண்டு. அதுக்கு அவர் சொல்ற, ‘திறக்கிறதெண்டால் மூண்டு கையெழுத்து வேணும், கைறுன்னிஸா, சும்மா திறக்கேலாது.’ சொல்லிட்டு மேசைய மத்தப் பக்கத்துக்கு இழுத்துக்கிட்டார்.”

கவனியுங்கள். இதுதான் ஆயத்தராயரின் உச்சநிலை. உலகம் அவர் காதுக்குள் வந்து கூவுகிறது. அவர் மேசையை நகர்த்துகிறார்.

நாலு வாரம் முடிந்து எங்கள் முறைச் செவ்வாய் வந்தது. நல்ல மழை. டொக்டரின் அறை ஒழுகியதால் அவருடைய மேசையை அலுமாரிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நான் வரிசையில் ராசம்மாவுக்கு அடுத்தவள். அவள் விரலைக் குத்தினார்கள். முந்நூற்றுப் பதினெட்டு.

டொக்டர் பெருமூச்சு விட்டார். “திரும்பவும் கூடிட்டுது, ராசம்மா. காலை ஊசிய முப்பத்தாறுல இருந்து நாற்பதாக்குவோம்.” பேனையை எடுத்தார். ஐந்தாம் நம்பர் மலையும் அதன் கீழே பாறையும் கண்ணுக்குள் வந்துவிட்டன. வாயைத் திறக்கப்போனேன்.

எனக்கு முன், தன் அரை மணிக் கணக்குத் தவறாமல், அலுமாரி திறந்தது, வாயை மட்டும். கூவல் என்றால் அப்படியொரு கூவல்.

“என்ன சத்தம் அது?”

“அது ஒண்டுமில்லை, டொக்டர். அலுமாரி. நாலு கிழமையா உப்பிடித்தான். மெயின்டனன்சுக்கு எழுதியிருக்கு.”

“அலுமாரி கூவுமா, சேர்? திறங்க.”

“அது… மூண்டு கையெழுத்து…”

“நான் ஒண்ணு. நீங்க ஒண்ணு.”

“நான் மூணு,” என்று தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள் கைறுன்னிஸா.

திறந்தார். உள்ளே டெப் நூறு வீதச் சார்ஜோடு, கல்யாண வீட்டு மேடையைப்போல ஒளி வீசிக்கொண்டிருந்தது. ‘நோயாளி 7’ என்ற பெயருக்குக் கீழே பதினொரு சிவப்பு இலக்கங்கள். ஐம்பத்திரண்டு. நாற்பத்தெட்டு. அறுபத்தொன்று. நாற்பத்துநாலு. எல்லாம் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில். டொக்டர் டெப்பைக் கையில் எடுத்தார்.

“யாரு இந்த ஏழு? நாற்பத்துநாலுல ஒரு ஆள் எப்பிடி நடமாடுறாங்க?”

செல்வரத்தினம் சேர் ஏழாம் பெட்டியின் டேப்பை உரித்து, பொலித்தீனை அவிழ்த்து, மூடியைத் திறந்து, என் கண்ணாடிக் கூட்டை வெளியே எடுத்தார்.

“இது ஆற்றை?”

“அட, இங்கேயா இருக்கு!” என்றேன். “ஒரு மாசமாத் தேடுறேன், சேர்.”

ராசம்மா எழுந்து, சுருக்குப்பையிலிருந்து மீற்றரை எடுத்து மேசையில் வைத்தாள். “டீச்சரம்மாவ ஏசாதீங்க. நாந்தாங்க அந்த ஏழு.”

டொக்டர் வித்தியா அவளைப் பார்த்தார், டெப்பைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார்.

“மலையில நாற்பத்துநாலு. இங்க முந்நூற்றுப் பதினெட்டு. ராசம்மா, இன்னைக்கு ஊசி போட்டீங்களா?”

“இல்லைங்க டொக்டர். இன்னைக்குக் கிளினிக்குங்களே.”

“கிளினிக் எண்டா?”

ராசம்மா சுவரில் இருந்த இரண்டு அறிவித்தல் பலகைகளையும் காட்டினாள். “உணவு உட்கொள்ளாமல் வரணும்னு அந்தப் போர்டுல இருக்குங்க. உணவு உட்கொள்ளாமல் ஊசி போடக்கூடாதுன்னு இந்தப் போர்டுல இருக்குங்க. ரெண்டையுந்தாங்க கேட்டு நடக்குறேன். அதோட நாலரை பஸ்ல மயங்கி விழுந்தா யாருங்க தூக்குவா? அதனால மொத நாள் அந்தி ஊசியும் போடுறதில்லைங்க.”

இரண்டு பலகையும் அச்சடித்ததுபோல அழகான கையெழுத்து. யாருடையது என்று நான் சொல்லவேண்டுமா?

மாதத்தில் ஒரே ஒரு நாள் அவள் ஊசி போடவில்லை. அந்த ஒரு நாளைத்தான் நாங்கள் அளந்தோம். அளந்து, மற்ற இருபத்தொன்பது நாளுக்கும் மருந்தைக் கூட்டிக்கூட்டி, அவளை மலையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தோம்.

செல்வரத்தினம் சேர் பெரிய ரெஜிஸ்டரை எடுத்து ராசம்மாவின் பக்கத்தைப் புரட்டினார். பக்கத்திலிருந்த எனக்கும் தெரிந்தது. ‘நோயாளியின் முறைப்பாடு’ என்ற நிரலில், ஏழு மாதமாக, மாதம் ஒரு தடவை, சுழி பிசகாமல், அவருடைய கையால்: தலைசுற்று. தலைசுற்று. தலைசுற்று. ஏழையும் அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ‘நாங்கள் எப்பவோ ரெடி’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போய் மற்றப் பெட்டிகளின் பொலித்தீனை உரிக்கத் தொடங்கினார். அந்தச் சரசரப்பு, சத்தியமாகச் சொல்கிறேன், லக்கல வரைக்கும் கேட்டிருக்கும்.

ராசம்மாவின் ஊசி முப்பத்தாறிலிருந்து இறங்கியது. பலகைகளில் ஒன்று மாறியது: இன்சுலின் போடுபவர்கள் சாப்பிட்டு, ஊசி போட்டுவிட்டு வரலாம். இரவு இரண்டு மணிக்கு யார் பொறுப்பு என்ற கடிதமும் அலுமாரியிலிருந்து புறப்பட்டு மேலிடத்துக்குப் போனது. பதில் இன்னும் வரவில்லை, மேலிடமும் ஆயத்தமாகத்தான் இருக்கிறதாம்.

செல்வரத்தினம் சேர் திருந்திவிட்டார் என்று முடித்தால் அது கதை. நான் உண்மையைச் சொல்கிறேன். இருபது மீற்றரில் பன்னிரண்டைக் கொடுத்தார். எட்டு இன்னும் அலுமாரியில், ‘இரண்டாம் கட்ட ஆயத்தம்’ என்ற சீட்டோடு. டெப்புக்குப் புதிதாக ஒரு பொலித்தீன் போட்டிருக்கிறார், ஆனால் ஊடாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவருடைய போன் ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிறது.

“ராசம்மா, பத்துமணி நம்பர் வரேல்லை. குத்தினனீங்களோ?”

“இப்பதாங்க சேர் கொழுந்து நிறுக்கிறாங்க…”

“நிறுவை பிறகு. முதல் விரல்!”

இரண்டு மாதமாகிறது. ராசம்மா விழவில்லை. ஐந்தாம் நம்பர் மலை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. கங்காணி அவளிடம் டொபி கேட்டு வாங்கித் தின்கிறாராம்.

சரி, இப்போது பெயரைச் சொல்லுங்கள். யாரை நினைத்துச் சிரித்தீர்கள்? உங்கள் ஒபிஸ் தலைவரையா, மைத்துனரையா? நல்லது. நானும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய், எனக்குக் கிடைத்த மீற்றரை வைக்க அலுமாரியின் கீழ் லாச்சியைத் திறந்தேன். அங்கே என் மகள் போன வருடம் நடைப்பயிற்சிக்கென்று அனுப்பிய சப்பாத்து, பெட்டி திறக்காமல், பொலித்தீனோடு படுத்திருந்தது. ‘நான் எப்பவோ ரெடி’ என்று அவளுக்குச் சொன்னதும் ஞாபகம் வந்தது. மழைக்காலம் முடியட்டும் என்று மூடிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஓர் அலுமாரி இருக்கும். இன்னும் செய்யாத ஒரு பரிசோதனைக்கான துண்டு, கொடுக்காத ஒரு பதில், போய்ப் பார்க்காத ஒரு ஆள், எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்கும். வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காதைக் கொடுங்கள். ஏதாவது கூவுகிறதா? ஒன்றுமே கேட்கவில்லையா?

அப்படியென்றால் கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டீர்கள்.